தகைமைகள்

வர்த்தமானியில் தமிழ் சின்ன எழுத்து.
வயது பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில்.
விவாகமாகாதவர்.
உயரம் ஐந்தடி ஆறு. எனக்கு ஐந்தடி ஆறரை,
அந்த அரையைக் கதவுநிலையில் பென்சிலால்
இரண்டு தரம் அளந்து வைத்திருந்தேன்.
பௌதிகவியலில் திறமைச் சித்தி. ஆங்கிலம்.
நீச்சல் என்று எங்கும் போடவில்லை,
வாவிக்கரைப் பிள்ளைக்கு அது ஒரு நட்டம்.

தம்பிராசா வினோஜிதன் என்று நற்சான்றில் எழுதி முடித்து
கிராம சேவகர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"விமானப்படையோ? நீயோ?"
"ஓம்."
முத்திரையை மைத்தட்டில் மூன்று தரம் குத்தினார்.
ஒருதரம் போதும்.

எங்கட வீட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில்
திமிலைதீவின் ஒரு வயல், ஒரு கம்பிவேலி.
பிளேன் ஏறும்போது
அம்மா மிதியில் காலை நிறுத்துவா.
சத்தம் தேய்ந்த பிறகு தொடங்குவா.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
தொண்ணூறில் அவவுக்குப் பதினொரு வயது என்பதும்
இதே வயலில் குப்புறக் கிடந்தது என்பதும்
மாமி சொல்லித்தான் தெரியும்.

அந்தத் தையல் மெசினில்தான் நான் பறக்கப் பழகினேன்,
இரவு பத்துக்குப் பிறகு, அவ படுத்த பின்.
மிதி, சுக்கான். கைச்சில்லு, வேகம்.
முழங்கால்களுக்கிடையில் தும்புத்தடிக் காம்பு.
போனில் இறக்கிய பாடம் சொன்னது:
சுழன்று விழும்போது விசையைக் குறை,
சுழற்சிக்கு எதிர்க்காலை முழுதாய் அழுத்து,
தடியை முன்னால் தள்ளு.
கை மேலே இழுக்கத்தான் சொல்லும், கேளாதே.
தரை கண்ணாடியை நிறைக்கும்,
அந்தத் தரையை நோக்கித் தள்ளு.
நூறு தரம் விழுந்து நூறு தரம் எழும்பினேன்.
விடிய மெசின் ஒரு சாண் நகர்ந்து நின்றது.
அம்மா அதைத் திரும்பத் தள்ளி வைத்தா,
ஒன்றும் கேட்கவில்லை.

பெற்றோர் சம்மதம் கடைசிப் பக்கத்தில், அடியில்.
மூன்று நாளாய் வாதம் தயாரித்திருந்தேன்:
சம்பளம், பென்சன், காலம் மாறிட்டுது,
எங்கட ஆக்களும் அங்க இருக்கத்தானே வேணும்,
வெள்ளத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் போடுறதும் அவங்கதானே.
அவ வாயிலிருந்த குண்டூசியை எடுத்தா.
பேனையை வாங்கினா. ஒப்பமிட்டா.
"நூல் முடிஞ்சிட்டு மனே. 'சி' ஒண்டு எடு."
அவ்வளவுதான்.
சொல்லாத வாதங்கள் வாய்க்குள் கிடந்து புளித்தன.

வேலிக்கு உள்ளே முதல் முறை.
பிளாஸ்டிக் கதிரை, இலக்கம் முப்பத்தொன்று.
நாடி, நெஞ்சு, பல், பாதம்.
எழுத்துப் பலகையின் கடைசி வரியைத்
திருப்பியும் சொல்லியிருப்பேன்.
பிறகு ஒரு புள்ளிப் புத்தகம்.
முதல் பக்கம், பன்னிரண்டு.
இரண்டாம் பக்கம், புள்ளிகள்.
மூன்றாம் பக்கமும்,
மழை விட்ட மணல் மாதிரி, அழகாய்.
வைத்தியர் காத்திருந்தார்.
பக்கத்துக் கதிரை ஏறாவூர்ப் பொடியன்
"எழுபத்துநாலு" என்று எனக்காக முணுமுணுத்தான்.
"சிவப்பும் பச்சையும்," என்றார் வைத்தியர், திக்கித் திக்கித் தமிழில்,
"இது அம்மா பக்கத்தால வாறது.
நோய் இல்லை. பைலட் மட்டும் ஏலாது."
படிவத்தை மூடி
அதன் மேல் என் பேனையை வைத்தார்.

வரம்பால் நடந்து வந்தேன்.
அம்மா பொத்தான் வாங்க டவுணுக்குப் போயிருந்தா.
லாச்சியை இழுத்து நூல்கட்டைகளைத் திருப்பினேன்.
அடியில் பென்சிலால் 'சி', 'ப', 'மண்', 'ப'.
தேய்ந்தவற்றின் மேல் திரும்ப எழுதியிருந்தது.
போன கிழமை வாங்கியதிலும் இருந்தது.
நீலத்திலும் வெள்ளையிலும் ஒன்றும் இல்லை.

ஏழு வயதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன்,
எல்லாத் தையல்காரரும் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒப்பமிடும்போது அவவின் கை
நடுங்கவேயில்லை.

வேலிக்கு அப்பால் ஒன்று ஏறியது.
மிதியில் இருந்த என் கால்
தானாய் நின்றது.

அவ வந்து பொத்தான்களை மேசையில் கொட்டினா.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"புள்ளிப் புத்தகமோ?" என்று கேட்டா.